பச்சைக்குக் கீழே ரோஸ்

பெயிண்ட் தின்னர் மணமும் கனிந்த மட்டி வாழைப்பழ மணமும் சேர்ந்து வந்தால் போதும், என் முதல் வண்டி ஞாபகத்துக்கு வந்துவிடும்...

பழைய கூட்ஸ் வேன். அம்பூரியிலிருந்து வாழைக்குலை ஏற்றிப் பாறசாலை சந்தைக்கு வருவேன். பெயிண்ட் உரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு விடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. மேலேயே இன்னொரு கோட் அடி, தீர்ந்தது கதை. வாங்குகிறவன் பழத்தைப் பார்ப்பானே தவிர வண்டியையா பார்ப்பான்?

கல்யாணமான புதிதில் எங்கள் அறைக்கு அடித்த ரோஸ் எனாமல் மீந்தது. என் மனைவி லீலா அதை எடுத்து வண்டிக்கு அடித்துவிட்டாள். சந்தையில் ஒருத்தன், "எலே, கல்யாணப் பெண்ணு வாறா, வழி விடுங்கலே!" என்று கத்தினான்...

மறுவாரமே பச்சை வாங்கி ரோஸ் மேல் அடித்தேன். அந்தப் பச்சைதான் வினையானது.

பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணன் பாலராமபுரத்தில் நெசவுக்குப் போகிறவர். லீலா வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தபோது, "பையனுக்கு நான் ஜாமீன்" என்று சொன்ன மனிதர். ஒரு மழைச் சாயங்காலம், சைக்கிளில் வந்த அவரை ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் ஒடிந்தது. வண்டி பச்சை என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"நீயாக்கும்னு நான் போலீஸ்ல சொல்லல்ல மக்கா. பச்ச வண்டின்னுதான் சொன்னேன்... ஆனா இந்தப் பக்கத்துல பச்ச வண்டி வேற ஆருக்க கிட்ட உண்டு?"

"அண்ணே, நான் அப்போ அம்பூரியில லோடு ஏத்திட்டு இருந்தேன்."

"செரி... போ. லீலா தனியா இருப்பா."

கேஸ் என்றால் சமாளித்துக்கொள்வேன். ஆனால் விழுந்து கிடந்தவரை மழையில் விட்டுவிட்டு நான் போய்விட்டேன் என்று அவர் நம்புகிறாரே, அதை எப்படிச் சமாளிப்பது?

போலீஸார் வந்து என் வண்டிக் கதவோரம் பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த பச்சைச் செதிளையும் சேர்த்து லேபுக்கு அனுப்பினார்கள். பச்சையும் பச்சையும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று எனக்குப் பயம்.

மாசங்கள் கழிந்து எஸ்.ஐ. கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

"எடோ, நின்றெ வண்டிக்கு எத்ர உடுப்புண்டெடோ?"

வண்டிக்கு எத்தனை சட்டை என்று கேட்கிறார்! செதிளின் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். சைக்கிளில் ஒட்டியதில் பச்சை, அதற்கு நேர் கீழே சாம்பல் பிரைமர், அவ்வளவுதான். என் வண்டியில் பச்சைக்குக் கீழே ரோஸ், அதற்குக் கீழே மஞ்சள், நீலம், கடைசியில்தான் பிரைமர். இடித்தது என் வண்டி இல்லை.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் வெள்ளை பெயிண்ட் டப்பா. மடியில் தறிக்கூடத்து வேஸ்ட் நூல் ஒரு பந்து.

"இந்தப் பச்ச கண்ணுல குத்துது மக்கா. வெள்ள அடிப்போமா?"

"நீங்க இரிங்கண்ணே, நான் அடிக்கேன்."

"நீ அடிச்ச லெச்சணம்தான் லேபு வரைக்கும் போச்சே. தள்ளு."

ஸ்டூலில் உட்கார்ந்து, ஒடிந்த காலை நீட்டிக்கொண்டு, வேஸ்ட் நூலால் வண்டி முழுவதையும் துடைத்து அவரே அடித்தார். விபத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை.

வண்டியை ஆக்கருக்கு, பழைய இரும்பு விலைக்குப் போட்டபோது ஒரு கதவை மட்டும் நிறுத்திக்கொண்டேன். குலை பழுக்க வைக்கிற அறைக்கு ஜன்னலாகக் கிடந்தது.

இப்போது மகள் தடயவியல் படிக்கிறாள். பேரம் பேசி ஒரு பழைய மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் பழகிப் பார்க்கப் பெயிண்ட் செதிள் வேண்டும் என்றாள். கதவைக் காட்டினேன்.

"எடுத்ததும் பெருசாக்கிப் பாக்கப்பிடாது அப்பா. முதல்ல லோ பவர்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். பொறவுதான் கூட்டணும்."

பக்கவாட்டில் விளக்கு வைத்துக் காட்டினாள். கடையில் அடுக்கிய சேலைகளின் ஓரம்போல நீலம், மஞ்சள், ரோஸ், பச்சை, வெள்ளை...

லீலா என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "இது நான் அடிச்ச ரோஸாக்கும்!"

இன்றைக்கு என்னிடம் நாலு வண்டி ஓடுகிறது. எல்லாம் கம்பெனி வெள்ளை. பழசானால் விற்றுவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். ஒன்றின் மேலும் வீட்டு ஆள் கை பட்டதில்லை. லாபம் இதுதான், ஒத்துக்கொள்கிறேன்... ஆனாலும் அந்தப் பழைய ஓட்டை வண்டியின் பெயிண்ட் ஓரத்தை விட்டுக் கண் வரமாட்டேன் என்கிறது.

"பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையில என்னவோ கெடக்கு" என்றாள் மகள். ஊசியால் அந்த இழையை மெதுவாக எடுத்து, கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, பவரைக் கூட்டினாள்.

"முறுக்கின ரிப்பன் மாதிரி இருக்கு பாருங்க. நைலான்னா கம்பிபோல நேரா இருக்கும். இது பருத்தி. பெயிண்ட்ல மாட்டுன அழுக்கு. களஞ்சிடட்டா?"

தங்கப்பன் அண்ணன் போய் ரெண்டு ஓணம் ஆகிவிட்டது.

"களையாத மக்களே" என்றேன்.

"அப்போ ஸ்லைடுக்கு லேபிள் வேணும். என்ன எழுத?"

நான் வாயைத் திறப்பதற்குள் லீலா சொன்னாள்:

"தங்கப்பன் மாமான்னு எழுது."