உடான்ஸ்

பித்தப்பை ஆபரேஷன் செய்தால் இனித் தறியில் உட்காரவே முடியாது என்று அம்மா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அழுதார். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் மருதாணித் தாடிக்காரர். தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“எனக்கும் இதே ஆபரேஷன்தாம்மா. பாருங்க, ஓடிக்கினு இருக்கறேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் எதிர் அறையில் ஒரு பெரியவரிடம் அதே தாடிக்காரர் தன் முழங்காலைத் தட்டி, “எனக்கும் இதே ஆபரேஷன்தான்” என்றார். வெளியே வந்ததும் கேட்டேன்.

“எல்லாம் உடான்ஸா, பாய்?”

அவர் சிரித்தார். “உருதுல உடான்னா பறக்கறதுபா. பயம் பறந்துடுச்சு இல்ல?”

அம்மா இருந்தவரை, அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நான் போய்வந்தாலே, “பாய்க்கு வயிறு எப்படி இருக்குது?” என்று கேட்பார்.

“சுகமா இருக்குதும்மா” என்பேன்.