மிலாறுக் கட்டில் வந்த கொம்பன்

தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தியால் இடுப்பளவுக்குக் கீழே வெட்டித் தள்ளுவது ஆண்கள் வேலை. விழுந்த குச்சிகளை, அதாவது மிலாறுகளை, விறகுக்காகக் கட்டி, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சுமந்து வருவது பெண்கள் வேலை. வெட்டுகிறவனுக்குப் பேர், சுமக்கிறவளுக்குக் கழுத்து வலி. இதை நான் சொல்லவில்லை. என் மனைவி தினமும் சொல்லுவாள்.

அன்று காட்டை ஒட்டிய மலையில் வெட்டு. ஒரு செடியிலும் ஓர் இலை மிச்சமில்லாமல் வெட்டியதாகப் பீற்றிக்கொண்டே மத்தியானம் வீடு வந்தேன். வந்ததும் தேத்தண்ணி கேட்டேன்.

“இப்பத்தான் கட்ட எறக்கி வச்சேன். அடுப்ப நீங்களே பத்த வைங்க. கை இருக்குல்ல?”

காய்ந்த விறகு பின்பக்கம் இருந்தது. அங்கே போக நாலு எட்டு வைக்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு என்று, அவள் அப்போதுதான் இறக்கிய பச்சை மிலாறுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி அடுப்பு வாயில் வைத்தேன். குச்சியின் நுனி என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது.

நான் போட்ட சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஓணான். பாசி பிடித்த பட்டை போல உடம்பு. மூக்கு நுனியில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கா தெரியாது? பிறந்ததிலிருந்து அட்டைக்கு ரத்தம் கொடுத்து வளர்ந்த கால் இது.

“ஐயோ பாவம், மூக்குல அட்ட கடிச்சிருக்கு!”

அட்டை எங்கேயாவது வெள்ளையாக இருக்குமா? இன்னும் ரத்தம் குடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அட்டைக்கு நாங்கள் காலில் தேய்க்கும் சவர்க்காரத் துண்டை எடுத்து அதன் மூக்கில் நன்றாகத் தேய்த்தேன். பிறகு பிடித்து இழுத்தேன். அட்டை வரவில்லை, தலைதான் வந்தது. ஓணான் வாயைப் பிளந்தது. உள்ளே தணல் நிறம்.

தூறலுக்கு எங்கள் வாசலில் ஒதுங்கி நின்ற தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர், குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அண்ணை, விடுங்கோ! அது அட்டை இல்லை. அதின்ரை கொம்பு!”

“ஓணானுக்கு எதுக்குக் கொம்பு, சேர்?”

“ஒங்களுக்கு எதுக்கு மீச?” என்றாள் மனைவி.

வாத்தியார் சிரிக்கவில்லை. “இது குளிர்க்காட்டுச் சீவன். இந்த மலையளை விட்டா உலகத்திலை வேறை எங்கையும் இல்லை. காடு குறையக் குறைய இதுவும் குறைஞ்சு போகுது. வீட்டுக்குள்ளை இருக்கிற சூடே தாங்காது, கெதியா வெளியிலை கொண்டு போங்கோ.”

உலகத்தில் வேறு எங்கும் இல்லை. இங்கேயே பிறந்த என் அப்பா, தானும் இந்த நாட்டுக்காரர் என்று காட்ட எத்தனை கடுதாசியோடு எத்தனை அரசாங்கக் கந்தோருக்கு அலைந்தார்! ஒரு கடுதாசியும் இல்லாத முழு மலைக்காரன் ஒருவன் என் உள்ளங்கையில் இருந்தான். அவன் மூக்கில் நான் சவர்க்காரம் போட்டிருந்தேன்.

அதற்குள் பச்சை வடிந்து, காய்ந்த சருகு போலாகிவிட்டது அது. கண் திறக்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றி நுரையைக் கழுவினேன். அவள் அதை வாங்கி, வந்த குச்சியிலேயே ஒட்டவைத்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் முனையால் மூடிக்கொண்டு முன்னே நடந்தாள்.

வெட்டிய மலைக்கு வந்து நின்றோம். வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகள். காலையில் பெருமையாகத் தெரிந்த என் வேலை, இப்போது ஓர் ஓணானை ஒளித்துவைக்க ஓர் இலையில்லாமல் கிடந்தது. மேலே இரண்டு காக்கை வேறு.

“இங்க விட்டா காக்காய்க்கு நீங்களே பந்தி வச்ச மாதிரி” என்றாள்.

ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினோம். பாசி மூடிய ஒரு மரத்தில் குச்சியைச் சாய்த்து வைத்தாள். அது அசையவில்லை.

“செத்துருச்சா?”

“வாய மூடுங்க.”

நின்றோம். மரத்திலிருந்து ஒரு சொட்டு அதன் தலையில் விழுந்து, மெல்ல வழிந்து, கொம்பின் நுனியில் தொங்கியது. அந்தச் சொட்டுக்குள் ஒரு துண்டு வானம். என் மூச்சு பட்டால் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். கண் திறந்தது. ஒரு விரல் பாசியைத் தொட்டது. வெகுநேரம் கழித்து அடுத்த விரல். அவசரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதது போல அது மரத்துக்கு மாறியது. கழுத்திலிருந்து பச்சை ஊறி முதுகுக்குப் பரவியது. கொம்பை முன்னே நீட்டிக்கொண்டு, ராசா மாதிரி ஏறியது.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். மலையில் கை ஓயாமல் கொழுந்து பறிக்கிறவளாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டு கையும் சும்மா தொங்க, வாய் லேசாகத் திறந்து அண்ணாந்து நின்றாள்.

“அந்தா இருக்கு, தெரியுதா?” என்று கிசுகிசுத்தாள்.

அவள் காட்டிய இடத்தில் பாசிதான் இருந்தது. சுற்றிலும் தேடினேன். எல்லாமே அதுபோலவும் எதுவுமே அதல்லாதது போலவும் இருந்தது.

“ஆமா, தெரியுது” என்றேன்.