கம்பனி தெரியாத வால்வு

பிள்ளைகளே, மருதனார்மடத்தில் நான் வேலை செய்கிற கடையில் தண்ணீர்ப் பம்புகளுக்கான சாமான்கள் விற்கிறோம். எது இருக்கிறது என்று கணினியில்தான் தேடுவோம். சாமான்கள் ஓர் அட்டவணையிலும், அவற்றைச் செய்த கம்பனிகள் இன்னொன்றிலும், பொருந்தும் பம்புகள் மற்றொன்றிலும் இருக்கும். தேடும்போது மூன்றும் எப்படிச் சேரவேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள்.

ஒருநாள் காலை கோப்பாயிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் வந்தார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவால்வு உடைந்து பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. நட்ட வெங்காயம் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. தேடினேன். ஒரே வால்வு திரை முழுக்க வந்தது. அவருடைய பழைய பம்புக்கு ஒன்றுமில்லை.

"என்ன தம்பி, ஒண்டையே திருப்பித் திருப்பிக் காட்டுது? உங்கடை மிசினுக்கும் வெயில் பிடிச்சிட்டுதோ?"

நல்லகாலம், அந்தத் தேடலை எழுதிய பெண்பிள்ளை அன்று கடைக்கு வந்திருந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அண்ணை, கழட்டின சாமானும் வைச்சிருக்கிறியளோ?"

"ஓம். பழைய பம்புகளை விலைக்கு வேண்டிக் கழட்டுறம். அதெல்லாம் எந்தக் கம்பனி எண்டு ஆருக்குத் தெரியும்? அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டன்."

"அதுதான். கம்பனியோடை சேர்ந்தால் மட்டும் எடு எண்டு எழுதிப்போட்டன். கம்பனி இல்லாதது தேடலுக்குள்ளையே வரேல்லை."

கம்பனி இல்லாவிட்டாலும் சாமானை விட்டுவிடாதே என்று மாற்றினாள். ஒரு வால்வு பல பம்புகளுக்குப் பொருந்துவதால்தான் பலமுறை வந்ததாம். ஒரு சாமானை ஒரே வரியாகத் திரட்டு என்றும் எழுதினாள்.

"கனநேரம் செல்லுமோ, பிள்ளை?" தோட்டக்காரர் வெயிலைப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ளை வந்திடும், ஐயா."

மறுபடி தேடினேன். திரையை நிறைத்த வால்வு ஒரு வரியாக ஒடுங்கியது. அதன் கீழே, நாங்கள் கழற்றிக் கழுவி எண்ணெய் பூசி வைத்தவை ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை காலமும் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சாமான்கள். அவள் எழுதியதோ இரண்டே வரி.

அவருக்கானது பின்தட்டில், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. பித்தளை வால்வு. கையோடு கொண்டுவந்திருந்த உடைந்த வால்வோடு வைத்துப் பார்த்தார், அளவு சரி.

"கம்பனி தெரியாட்டி என்ன, தண்ணி வந்தால் காணும்."

மத்தியானம் தொலைபேசியில் அழைத்தார். அதை வாய்க்காலுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கவேண்டும். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.