மணிக்கொரு பொத்தான்

“அடுத்தவன் எழுதின ஒரு வரிகூட என் வெப்சைட்டுக்குள்ள கால் வைக்காது!”

பார்சல் நிறுவனத்தின் வெப்சைட் வேலை கைக்கு வந்த அன்று, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி நம் புரோகிராமர் செய்த பிரகடனம் இது. அன்றே ‘சுயம்பு’ என்ற பட்டமும் கிடைத்தது.

வேலை சின்னதுதான். பார்சல் எங்கே போகிறது என்று ஒரு வரைபட நிறுவனத்தின் ஏபிஐயிடம், அதாவது கேட்டால் தகவல் தரும் கம்ப்யூட்டர் கவுன்ட்டரிடம், கேட்டுக் காட்ட வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்றே அந்த நிறுவனம் ‘லைப்ரரி’ என்று ஒரு ரெடிமேட் புரோகிராம் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் சாமி என்று இலவசமாக வைத்திருந்தது. சுயம்பு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாலு மாதம் மெனக்கெட்டு ஆயிரத்து நானூறு வரிகளைச் சொந்தமாக எழுதினார். பார்சல்களும் வரைபடத்தில் நகர்ந்தன.

ஒரு குறை. ஏபிஐ தரும் அனுமதி டோக்கன் ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். லைப்ரரியாக இருந்தால் அதுவே புதிது வாங்கிக்கொள்ளும். சுயம்புவின் படைப்புக்கு அந்தச் சமர்த்து வரவில்லை. ஆகவே மணிக்கொரு தரம் அவரே லேப்டாப்பைத் திறந்து, புது டோக்கன் வாங்கும் பொத்தானை அழுத்தினார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி அழுத்தினார். துக்க வீட்டில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி அழுத்தினார். பார்சல் வண்டிகள் இரவில் ஓடாதது அவர் செய்த புண்ணியம்.

இந்நிலையில் கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்தது. ஏழு மணி நேர ரயில். பாதி வழி சிக்னல் கிடையாது.

“ஒன்பது வருஷம் கழிச்சுப் பொறந்திருக்கு. நாளைக்கு வர்றீங்களா இல்லையா?” என்றாள் மனைவி.

“எப்படிம்மா? நான் இல்லேன்னா மேப்பே நின்னுடும்.”

“ஆமா, உலகமே உங்க விரல்லதான் சுத்துது! நான் எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன். பெரியப்பா எங்கேன்னு புள்ள கேட்டா, பொத்தான்கிட்ட உக்காந்திருக்காருன்னு சொல்லிடறேன்.”

“பொறந்த புள்ள எப்படிக் கேக்கும்?”

“நீங்க வர்றதுக்குள்ள பேசக் கத்துக்கும்.”

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து தன் புடவைகளை மட்டும் எடுத்தாள்.

சுயம்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னலையும் சாத்தினார். லைப்ரரியைச் சேர்த்தார்; ஆயிரத்து நானூறு வரிகளை நீக்கினார்; அவை இருந்த இடத்தில் பதினொரு வரிகள் போதுமாயிருந்தன. பிறகு கைகட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தார். நேரம் முடிந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை. பார்சல்கள் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் போய்க்கொண்டே இருந்தன.

வெளியே வந்து, பெட்டியின் மேல் தன் இரண்டு சட்டைகளை வைத்தார்.

“அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடு.”