சவக்கோட்டைப் பூ

ஊசி மருந்து ஏறத் தொடங்கியதும் புறங்கையில் குளிர் பரவும். கொஞ்ச நேரத்தில் பழைய இரும்புச் சாவியைச் சப்பியது போல நாக்கில் ஒரு சுவை வந்து உட்காரும். மறுநாள் தாடை வலிக்கும், பிறகு பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. நான்காம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. வாரம் ஒருமுறை அம்மா என்னைத் திருவட்டாற்றிலிருந்து திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அப்பா சவூதியில் இருந்தார். அம்மாவுக்கு "அண்டி ஆபீஸ்" என்று நாங்கள் சொல்லும் முந்திரித் தொழிற்சாலையில் வேலை. கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த அவள் விரல்களைத்தான் ஊசி குத்தும்போது பிடித்துக்கொள்வேன்.

எங்கள் கிணற்றடியில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், யாரும் நடாமலே ரோஸும் வெள்ளையுமாகப் பூத்து ஒரு செடி மண்டிக் கிடந்தது. புத்தகத்தில் அதற்கு நித்திய கல்யாணி என்று பெயர். கல்லறைகளுக்கு நடுவே அதிகம் முளைப்பதால் எங்கள் பக்கத்தில் "சவக்கோட்டைப் பூ". முடி முழுவதும் கொட்டிய பின், அதில் இரண்டைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டுதான் ஞாயிறு பள்ளிக்குப் போனேன். தலையில் துணி கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, சபையில் பெரிய ஆள். அப்பா ஊரில் இல்லாததால் எங்கள் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவரல்ல, முதல் காய்ச்சலில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். ஒருநாள் கிணற்றடியில் நின்று, "சொகமில்லாத பிள்ளைய வச்சிட்டு சவக்கோட்டைப் பூவ எவளாவது வளத்துவாளா? எல்லாத்தையும் பிடுங்கிக் கள, பிள்ளே" என்றார். அவர் முன்னால் அம்மா குரல் உயர்த்தியதே இல்லை. "சரி அத்தான்" என்றாள். பாதிச் செடியைப் பிடுங்கியும் போட்டாள்.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் அதே பூ பாத்தி கட்டி நின்றதை அடுத்த வாரம்தான் அம்மா கவனித்தாள். ஊசி போடும் மலையாள நர்ஸிடம் கேட்டேவிட்டாள்: "உயிருக்குப் போராடுத இடத்துல இந்தப் பூவ எதுக்கு சிஸ்டர் வச்சிருக்கிய?"

நர்ஸ் சிரித்தார். "சேச்சி, மோளுக்குத் தருன்ன இந்த மருந்து அந்தச் செடியிலருந்துதான் எடுக்குன்னது."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப, இலைய அரைச்சுக் குடுத்தா போதுமா?"

நர்ஸின் சிரிப்பு நின்றது. குவியல் குவியலான இலையிலிருந்து துளியளவுதான் அந்த மருந்து கிடைக்கும், அதையும் பிரித்தெடுத்து அளந்துதான் ஏற்ற வேண்டும், இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தாலே சதை வெந்துபோகும், செடியை அப்படியே அரைத்துக் குடித்தால் விஷம் என்று தமிழும் மலையாளமுமாக விளக்கினார்.

வீட்டுக்கு வந்து, மீதிச் செடிகளுக்கு அம்மா தண்ணீர் ஊற்றினாள். செய்தி பெரியப்பாவுக்குப் போனது, பாதிதான் போனது. இரண்டு நாள் கழித்து, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு தம்ளர் பச்சைச் சாற்றோடு வந்தார். "குடி மக்கா. மருந்து வீட்டுலயே கிடக்கு. இனி ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஊசி வேண்டாம் என்ற சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். தம்ளரை வாய்வரை கொண்டுபோனேன். நர்ஸின் சிரிப்பு நின்றுபோன அந்த முகம் நினைவுக்கு வந்தது. அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டேன். பெரியவர்களை எதிர்த்து அதுவரை நான் அப்படி எதுவும் செய்ததில்லை. அவர் கையை ஓங்கினார்; என் மொட்டைத் தலையைப் பார்த்து இறக்கிக்கொண்டார்.

சாயங்காலம் நான் நடந்ததைச் சொன்னதும் அம்மா உடுப்புக்கூட மாற்றாமல், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். "அத்தான், செடியப் பிடுங்கவும் மாட்டேன், அரைச்சுக் குடுக்கவும் விடமாட்டேன். எம்பிள்ளைக்கு மருந்து ஆஸ்பத்திரில இருக்கு. ஜெபம் பண்ணணும்னா பண்ணுங்க, நான் தடுக்க மாட்டேன்."

பெரியப்பா ஆறு மாதம் எங்கள் படி ஏறவில்லை. அந்த ஆறு மாதத்தில் அம்மா ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை.

நான் பிழைத்தேன். அடுத்த கட்டிலில் கிடந்த குளச்சல் பிள்ளைக்கும் அதே மருந்துதான் ஏறியது, அவள் பிழைக்கவில்லை. ஆகவே பூவை நான் சாமியாக்க மாட்டேன். பிசாசாக்கவும் விடமாட்டேன்.

இன்று அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். முற்றம் முழுக்க சிமென்ட் கல் பதித்தாயிற்று. செடி முளைக்க ஒரு சாண் மண் இல்லை. பெரியப்பாவும் போய்விட்டார். சாறு மட்டும் போகவில்லை. நித்திய கல்யாணியை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் பறந்துவிடும் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் எழுதுகிறேன்: குடிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படித்த திமிர் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுத் திற்பரப்பிலிருந்து ஒரு தாய் போனில் கூப்பிட்டாள். "அக்கா, டாக்டரு திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்ன சீட்டு கையில இருக்கு. வீட்டுல விடமாட்டேங்காவ. பத்து நாளா பிள்ளைக்குச் சாறுதான் குடுக்காவ."

"யாரும் விட வேண்டாம். சீட்டையும் பிள்ளையையும் எடுத்துட்டு நீ வெளிய வா" என்றேன்.

நாளைக் காலையில் அவர்களோடு நானும் போகிறேன்.