எதிர்வீட்டுப் படகு

“ஒருத்தன காட்டிக் குடுக்கறது பாவமாம்மே?” என்று அண்ணி கேட்டபோது அவள் கையில் பாதி செதில் சுரண்டிய சங்கரா மீன் இருந்தது. தலை நிமிராமல்தான் கேட்டாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். யாரை, எதற்கு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எர்ணாவூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடலுக்கும் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்கிறது எங்கள் குப்பம். அந்த வாரம் முழுக்க அங்கே ஒரே பேச்சுதான். உரிமம் வாங்காத படகுகள் யார் யாருடையவை என்று சொல்லும்படி மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

“நமக்கு இன்னாத்துக்கு அண்ணி வம்பு?” என்றேன். அவள் மீனைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தாள்.

அண்ணி என்றால் என் உடன்பிறந்த அண்ணனின் மனைவி; நான் அவளுக்கு நாத்தனார். ராயபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். அவள் வந்த சில வருடங்களில் அண்ணன் கடலில் காணாமல் போனான். அவன் போனது ஒரு நண்பனுடைய ஃபைபர் படகில். அந்தப் படகுக்குப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. மதியத்துக்கு மேல் காற்று திடீரென்று திரும்பியது. மற்ற படகுகள் எல்லாம் கரைக்கு வந்தன, அது மட்டும் வரவில்லை. ஆண்கள் தகவல் சொல்லக் கடலோரக் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். படகு எண் என்ன என்று அங்கே கேட்டார்கள். எண் இல்லை. என்ன நிறம் என்று கேட்டார்கள். நீலம் என்றார் ஒருவர், பச்சை என்றார் இன்னொருவர். எத்தனை பேர் போனார்கள் என்பதிலேயே இரண்டு கருத்து இருந்தது. அப்படி ஒரு படகு இருந்தது என்று நிரூபிப்பதற்கே அந்த நாள் போதவில்லை. அண்ணி ஈரப் புடவையோடு அங்கே நின்று, “நீலந்தான் சார், நான் பாத்தேன் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. கடலில் நீலப் படகுகளுக்கா பஞ்சம்?

உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் இறந்தான் என்று எழுதித் தர யாரும் இல்லை. படகு பதியாததால் கடலுக்குப் போனான் என்றுகூட எழுத முடியவில்லை. அண்ணியின் தாலியை என்ன செய்வது என்று பெரியவர்களுக்கே தெரியாமல் விட்டுவிட்டார்கள். அவள் அதைக் கழற்றவும் இல்லை, அதற்கு மஞ்சள் பூசவும் இல்லை. ரவிக்கைக்குள் போட்டு மறைத்துக்கொண்டாள். கல்யாணம், காதுகுத்து என்று யார் வீட்டு விசேஷத்திலும் அவளை முன்னால் நிறுத்துவதா பின்னால் நிறுத்துவதா என்று தெரியாமல் அழைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் எங்களுக்காகக் கடலுக்குப் போனவர் எதிர்வீட்டு அண்ணன். எங்கள் வாசலும் அவர் வாசலும் சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அரசாங்கப் படகு கிளம்பும் முன்பே தன் படகை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். மற்றவர்கள் இனிப் பிரயோசனம் இல்லை என்று வலைக்குத் திரும்பிய பிறகும் அவர் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் உப்பு வெடித்த உதட்டோடு வந்து எங்கள் வாசலில் குந்தி, “என்னால ஆவலம்மா தங்கச்சி” என்று சொல்லி அழுதார். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவள், மாதக்கணக்கில் தன் வீட்டு உலையில் எங்கள் இருவருக்கும் சேர்த்தே அரிசி போட்டாள்.

அவர் தேடப் போன அந்தப் படகுக்கும் உரிமம் இல்லை.

அண்ணி பிறகு தன் நகைகளை விற்று ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினாள். ஊரே சிரித்தது. பொம்பளைக்குப் படகா? அவள் முதலில் செய்த வேலை அதைத் தன் பெயரில் பதிந்ததுதான். ஆண்டு தவறாமல் உரிமத்தைப் புதுப்பித்தாள். ஓட்டுவதற்குக் குப்பத்து ஆட்களையே வைத்துக்கொண்டாள். அவளுடைய படகு கரையேறும்வரை கரையிலிருந்து நகரமாட்டாள்.

எதிர்வீட்டு அண்ணனும் முயற்சி செய்யாமல் இல்லை. அவருடையது கைமாறி வந்த படகு. விற்றவர் செத்துப் போயிருந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் இன்னொரு தாள் கேட்டார்கள். ஒருநாள் வெறுத்துப்போய் விட்டுவிட்டார். அண்ணி நச்சரித்தால் சிரிப்பார். “கடலுக்கு இன்னாத்துக்கு தங்கச்சி லைசன்சு? மீனு இன்னா நம்பர் பாத்தா வலையில வுழுது?” என்பார். அந்தச் சிரிப்பை அண்ணியும் பல வருடம் பொறுத்துக்கொண்டாள். அவருக்கு முட்டிவலி வந்து, பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்த அவர் மகன் அதை விட்டுவிட்டு அப்பாவுடன் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் தூக்கம் கெட்டது. “அப்பனும் புள்ளையும் ஒரே போட்ல போறாங்கம்மே” என்று மட்டும் சொல்வாள்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. பின்னால் நின்றிருந்த அண்ணி பேசினாள். எல்லாரும் சேர்ந்து போய் உரிமம் வாங்கிவிடலாம், தாள் இல்லாதவர்களுக்காக நானும் ஆபீசுக்கு நடக்கிறேன் என்றாள். “உனக்கு இன்னாம்மே, உன் போட்டுக்குப் பேப்பர் கீது, பேசுவ” என்று ஒருவர் கத்தினார். “எம் புருசனுக்கு இல்லியே” என்றாள் அண்ணி. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்க்கட்டை மீறி யார் தகவல் சொன்னாலும் அவர்களோடு யாருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று முடித்துவிட்டார்.

மறுநாள் மாலை அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தின் குறுக்கே நடந்து போய் எதிர்வீட்டு வாசலில் நின்றாள். அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். அக்கா டீயோடு வெளியே வந்தாள்.

“நாளிக்கு ராயபுரம் ஆபீசுக்குப் போறேண்ணா. எல்லார் பேரும் சொல்லப் போறேன். மொதல்ல உன் போட்டுதான்.”

அவர் விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஊசி நின்றது.

“உன் புருசன தேடிப் போனனே, அந்தப் போட்டையா?”

“அந்தப் போட்டத்தான்.”

“சொல்லு. போயி சொல்லு. அப்பால இந்த வாசல்ல கால வைக்காத.”

அக்கா அந்த டீயை அண்ணிக்கும் கொடுக்கவில்லை, உள்ளேயும் கொண்டுபோகவில்லை. சாக்கடையில் ஊற்றினாள்.

நான் அண்ணியோடு போனேன். ஏன் போனேன் என்றால், தனியாக அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் செய்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் வழிநெடுக அதைச் சொல்லிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றேன். அவள் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். “உங்க பேர் வெளியே வராதும்மா, பயப்படாதீங்க” என்றார். “அவங்களுக்குத் தெரியும் சார். சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றாள் அண்ணி. பிறகு சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டே போனாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் வாந்தி எடுத்தாள்.

அந்த வாரமே ஆட்கள் வந்து படகுகளின் இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உரிமம் வாங்கிக் காட்டினால் திருப்பித் தருவோம் என்றார்கள். ஊர் சொன்னதைச் செய்தது. அண்ணியின் படகில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்த எங்கள் மீனை ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. குழாயடியில் நாங்கள் போனால் பேச்சு நின்றது. ஒரு ஃபைபர் படகை மணலிலிருந்து அலைக்குத் தள்ளப் பத்துப் பேராவது வேண்டும். ஒருநாள் காலையில் அண்ணி தன் படகின் பின்புறம் முதுகைக் கொடுத்துத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். படகு ஓர் அடிகூட நகரவில்லை. கரை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணனும் இஞ்சின் இல்லாத தன் படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உரிமம் இருந்த படகும் இல்லாத படகும் ஒரே மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அண்ணி அதற்குப் பிறகு படகை விற்றுவிட்டு, கொடுங்கையூர்ப் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்றாள்.

எதிர்வீட்டு அண்ணனுக்கு எல்லாத் தாளும் சேர்ந்து உரிமம் கைக்கு வருவதற்குள் நல்ல மீன் கிடைக்கும் மாதங்கள் முடிந்துவிட்டன. பதிவான படகு என்று கடலில் இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் கொடுத்தார்கள். அவர் அதை வேண்டாவெறுப்பாகப் பொருத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். மகனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். இழந்த மாதங்களை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று அப்பாவும் மகனும் ஓய்வில்லாமல் கடலுக்குப் போனார்கள். காற்று வலுக்கும், போகாதீர்கள் என்று அறிவித்த ஒருநாளும் போனார்கள்.

அன்று மாலை படகு வரவில்லை. இந்த முறை யாரும் நிறம் கேட்கவில்லை. எண்ணைச் சொன்னதும் கருவி கடைசியாகக் காட்டிய இடத்தைப் பார்த்துத் தேடுதல் படகு நேராகப் போயிற்று. மறுநாள் நண்பகலில் இருவரையும் கொண்டுவந்துவிட்டார்கள். படகு கவிழ்ந்து மிதந்திருக்கிறது. அண்ணன் அதன் முதுகைப் பற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மகன் உயிரோடு இல்லை. அலை கொண்டுபோய்விடக் கூடாது என்று அவனை வலைக்கயிற்றால் படகோடு கட்டி வைத்திருந்தார் அப்பா. முடிச்சை அவிழ்க்க அவர் கைகள் விடவில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார்கள்.

குப்பமே அந்தச் சந்தில் திரண்டது. அண்ணி எங்கள் வீட்டுக்குள்ளேயே, கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போக அவளுக்கு உரிமை இல்லை என்று அவளே நினைத்தாள். பிணத்தை எடுக்கும் நேரத்தில் அக்கா தலைவிரி கோலமாகச் சந்தின் குறுக்கே எங்கள் வாசலுக்கு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எம் புள்ள மூஞ்சிய நான் பாத்துட்டேன்டி. உனக்கு அதுகூட இல்லியேடி” என்றாள். என் அண்ணன் காணாமல் போன நாளிலிருந்து அதுவரை நான் அண்ணி வாய்விட்டு அழுது பார்த்ததில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மாலை எதிர்வீட்டு அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு அறுத்த தடம் உள்ளங்கைகளில் ஆறாமல் இருந்தது.

“நீ சொல்லாம இருந்தா அன்னிக்கு அந்தக் காத்துல நாங்க போயிருக்க மாட்டோம். அவன் வூட்ல இருந்திருப்பான். நீ சொல்லாம இருந்து, வேற என்னிக்காச்சும் போயிருந்தா, நானும் வந்திருக்க மாட்டேன், அவன் பொணமும் வந்திருக்காது. யோசிச்சிகினே கீறேன் தங்கச்சி. உன்ன திட்றதா, கும்புடறதான்னு தெர்ல.”

“திட்டுண்ணா” என்றாள் அண்ணி. “கும்புடாத.”

அவர் திட்டவும் இல்லை. போய்விட்டார். அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. ஊர்க்கட்டு எப்போது தளர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் குழாயடியில் யாரோ அண்ணியின் குடத்தைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கரையில் எண் இல்லாத படகு ஒன்றுகூட இல்லை. மணல் பாதிக்கு மேல் போய், கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இளவட்டங்கள் உரிமத்தைச் செல்போனிலேயே புதுப்பித்துவிட்டு, இதற்கா அந்தக் காலத்தில் ஊர் இரண்டுபட்டது என்று சிரிக்கிறார்கள். அண்ணிக்குத் தலை நரைத்துவிட்டது, மீன் கூடையை விட்டுவிட்டாள். அவள் செய்தது சரியா என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

எதிர்வீட்டு அண்ணன் இன்னமும் கடலுக்குப் போகிறார். கூலிக்கு வைத்த ஓர் ஆளோடு போகிறார். அவர் போயிருக்கும் நாளில் காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு அண்ணி கரைக்குப் போய்விடுவாள். கருங்கற்களின் மேல், முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நிற்பாள். தூரத்தில் அவர் படகு தெரியும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். தெரிந்ததும் கிளம்பிவிடுவாள். அவர் கரையேறுவதற்குள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியிருப்பாள்.