திரைமாறனுக்கு மூக்கு கோணல்

புத்தகக் கடைக்காரனுக்கு எதிரி யாருன்னு கேட்டா, மழை, கரையான், 'சும்மா பார்த்துட்டுப் போறேன்'னு வர்ற ஆளு, இந்த மூணும்தான்னு நெனைச்சுக்கினு இருந்தேன். நாலாவதா சினிமா வந்து சேர்ந்துச்சு. நமக்கு உசுரான நாவலை எவனோ படமா எடுத்தா வயிறு எப்படி எரியும்னு தெரிஞ்சவங்க மட்டும் மேல படிங்க. மத்தவங்க போய் பாப்கார்ன் வாங்கிக்குங்க.

என் கடை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. நாவல் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா படத்துக்கு விளம்பரமாயிடும். மூணு பாகம். கப்பல் தலைவன் திரைமாறன், உப்பளத்துப் பொண்ணு நித்திலை, ரெண்டு பேரோட கதை.

மூக்கு விஷயம்

முதல் பாகத்துலயே தெளிவா எழுதியிருக்கு, திரைமாறனுக்கு மூக்குத் தண்டு லேசா கோணல்னு. எனக்கும் கோணல்தான். சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தது. என் சம்சாரம் தேவகி கல்யாணத்துக்கு முன்னாடி என் கடைக்குப் புக்கு வாங்க வந்தவ. ஒரு பாகம் வாங்கினு போனா, மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள அடுத்த பாகத்துக்கு வந்து நிப்பா. மூணாவது பாகம் ஸ்டாக் இல்லை. என் சொந்தப் புக்கையே எடுத்துக் குடுத்தேன். அப்புறம் புக்கும் எங்க வூட்டுக்குத் திரும்பி வந்துச்சு, கூடவே அவளும் வந்துட்டா.

அன்னியிலேர்ந்து நான் அவளைக் கேக்கறது ஒரே கேள்விதான். "படிக்கும்போது உனக்குத் திரைமாறன் யாரு மூஞ்சியில வந்தான்?" கேக்கும்போது மூக்கை வேற தடவிக்குவேன். கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, ஒரு நாளும் பதில் வந்ததில்லை. சிரிச்சுக்கினே ஒண்ணு மட்டும் சொல்லுவா: "உனக்கு வேற வேலையே இல்லையாய்யா? போய்க் கடையைப் பாரு."

சிறுசேரி கோஷ்டி

படம் வந்துச்சு. முதல் நாளே தனியா போய்ப் பார்த்தேன், குத்தம் கண்டுபிடிக்கத்தான். ஹீரோவுக்கு மூக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாப்பல நேரா இருந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல இடைவேளையில டீ கூடக் குடிக்கல.

சிறுசேரியில கம்ப்யூட்டர் வேலை பாக்கற பசங்க நாலு பேரு, நாவலை எங்கிட்டயே வாங்கிப் படிச்சவனுங்க, சனிக்கிழமை சாயங்காலமானா என் கடையில வந்து நின்னு கதை பேசுவாங்க. அன்னிக்கும் வந்து படத்தைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடிக்கினு இருந்தாங்க. நான் முதல் பாகத்தைப் பிரிச்சு மூக்கு வரியைக் காட்டினேன். "எழுதினவரே கோணல்னு சொல்லிட்டாரு. நேர் மூக்கு வெச்சா அவன் திரைமாறனே இல்லை, வேற எவனோ!" அந்தக் கோஷ்டியில கார்த்தின்னு ஒருத்தன் என் தோளைத் தட்டிக் குடுத்தான்: "மூக்கை வுடுண்ணே, அவரு சிக்ஸ் பேக் பாத்தியா?"

செய்யூர்க்காரர்

செய்யூர்லேர்ந்து ஒரு வேர்க்கடலை வியாபாரி வந்தாரு. பொண்டாட்டி படத்தைப் பார்த்துட்டு அந்தப் புக்கு வேணும்னு அனுப்பியிருக்காங்க. மூணு பாகத்தையும் அடுக்கி வெச்சேன். கையில தூக்கி எடை பாத்தாரு. மூணு மணி நேரப் படத்தைப் பார்த்து மனுஷன் இம்மாம் எழுதிக்கீறாரேன்னு ஆச்சரியப்பட்டாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஐயா, இந்தப் புக்கு வந்தப்போ படம் எடுத்த டைரக்டரே பொறக்கல!" அவரு அக்கம்பக்கம் பாத்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "அப்போ கதையை முன்னாடியே எவனோ லீக் பண்ணிட்டானா?"

சின்ன பலூன்

படம் ஓடினதும் காமிக்ஸ் போட்டாங்க. நாவல்ல ரெண்டாம் பாகத்துக் கடைசியில திரைமாறன் கப்பல் கிளம்பும். அதுவரைக்கும் 'வாருங்கள், போங்கள்'னு மரியாதையா பேசின நித்திலை, அந்த ஒரு இடத்துல மட்டும் 'போய் வா'ன்னு சொல்லுவா. அந்த 'வா'வுல நான் எத்தனையோ வாட்டி அழுதிருக்கேன். காமிக்ஸ்ல படம் பெருசு, பேச்சு எழுதற பலூன் சின்னது. எடம் பத்தலைன்னு வெறும் 'போ'ன்னு போட்டு வெச்சிருக்கானுங்க பாவிங்க.

அணுசக்தி ஆபீஸ்ல வேலை பாக்கற ஒரு திருநெல்வேலிக்காரர் அதை வாங்கினு போய்ப் படிச்சுட்டு வந்தாரு. நாவலைத் தொட்டதே இல்லையாம். அவரு சொன்னதைக் கேட்டு நியாயமா எனக்குக் கோவம் வந்திருக்கணும். ஆனா அந்த நேர்மூக்குக்காரனை நெனைச்சதும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அவரு சொன்னது இதுதான்: "அவ மூஞ்சிக்கு நேரா போன்னுட்டா, பொறவும் திரும்பி வாரான் பாருங்க, வெக்கங்கெட்ட பய!"

பதில்

தேவகி தெருப் பொம்பளைங்களோட ஒரு வாட்டி படத்துக்குப் போனா. தங்கச்சியோட இன்னொரு வாட்டி. வூட்டுல படத்துப் பாட்டை முணுமுணுத்துக்கினு தோசை ஊத்தினா. எனக்குத் தோசை இறங்கல. வாயைத் தொறந்து கேக்கவும் பயமா இருந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை பசங்க கடையில பேசிக்கினு இருக்கும்போது கார்த்தி ஆரம்பிச்சான், படிக்கும்போது யாரு யாருக்குத் திரைமாறன் எந்த மூஞ்சியில வந்தான்னு. ஒருத்தன் காலேஜ் வாத்தியாரைச் சொன்னான். ஒருத்தன் மாமா பையனைச் சொன்னான். தேவகி கல்லாப் பக்கம் உட்கார்ந்து ஸ்கூல் நோட்டுங்களைச் சணல்ல கட்டுக் கட்டிக்கினு இருந்தா. "அக்கா, உங்களுக்கு?" நான் தூசி தட்டற மாதிரி அப்பால திரும்பிக்கினேன். 

"இன்னாத்துக்கு மறைக்கணும்? இவரு மூஞ்சிதான்பா. இதே கோண மூக்கு."

பசங்க விசில் அடிச்சானுங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத்தனை வருஷம் வாயைத் தொறக்காதவ நாலு பேருக்கு முன்னாடி சொல்லிட்டாளேன்னு, எல்லாருக்கும் டீ சொல்ல வாசலுக்கு ஓடினேன். பின்னாடி சணலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கினே அவ மீதியைச் சொன்னா: "படம் பாக்கற வரைக்கும்."

இப்போல்லாம் அந்த நடிகரு மூஞ்சியை அட்டையில போட்டு வர்ற புதுப் பதிப்பை நான் பின்பக்கம் தெரியறாப்பலதான் அடுக்கி வெக்கறேன், தேவகி கல்லாவுல உட்கார்ற நேரத்துல மட்டும் அது எப்படியோ தானா திரும்பிக்குது.